சார்ஜில் கிடந்த காருக்குச் சாம்பிராணி

வீட்டில் கார் என்று ஒன்று நின்றால் வாரத்துக்கு ஒரு தடவையாவது அதைக் கிளப்பிவிட வேண்டும். யார் கிளப்புவது? நாசர் சவூதியில் தம்மாமுக்கு வேலைக்குப் போன நாளிலிருந்து நாகல் நகர் வீட்டு ஷெட்டில் அது உறையைப் போர்த்திக்கொண்டு தூங்கியது. அவன் பெண்டாட்டி பாஸிலா ஓட்டக் கற்று லைசென்சும் வாங்கிவிட்டாள். “நீ தனியா எடுக்காத, நான் வந்து பாத்துக்கிறேன்” என்று போனில் சொல்லிச் சொல்லியே மனுஷன் பேட்டரியைச் சாகடித்துவிட்டான். அம்புட்டு அக்கறை!

வெள்ளிக்கிழமை மதுரையில் ஜெய்தூன் பீவிக்குக் கண் ஆபரேஷன். அவள் நாசரின் அக்கா, பாஸிலாவுக்கு மதினி. புருஷன் மவுத்தான பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். இரண்டு கண்ணிலும் புரை. ஏற்கெனவே தேதி கொடுத்தும் போகவில்லை. ஒரு தடவை வயிற்றுவலி என்றாள், ஒரு தடவை மழை என்றாள். பயம் என்று மட்டும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். இந்தத் தடவைதான், “என் தம்பி கார்ல, நீ ஓட்டுறதுன்னா வாரேன். கண்டவன் வண்டியில ஏற மாட்டேன்” என்று இறங்கி வந்திருந்தாள். இதையும் விட்டால் அப்புறம் அவளை நகர்த்த யாராலும் ஆகாது. ஒரு பக்கம் சுவரைத் தடவித்தான் அவள் இப்போதே பாத்ரூம் போகிறாள்.

அதனால் புதன்கிழமை சாவியைத் திருப்பியபோது கார் ‘டிக்’ என்றதோடு நின்றுவிட்டதை பாஸிலா மதினியிடம் சொல்லவில்லை. சகுனம் சரியில்லை என்று பையைப் பிரித்துவிடுவாளே! மெக்கானிக் அய்யலூருக்கு ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தான். பக்கத்து வீட்டுப் புஷ்பமேரி, தங்கள் வீட்டு பேட்டரி சார்ஜரைக் கொடுத்தாள். பாஸிலா ஸ்விட்சைப் போட்டுவிட்டு கிளிப்பை பேட்டரிப் பக்கம் கொண்டுபோனாள். சடக்கென்று நீலமாக ஒரு பொறி. போட்டது போட்டபடி ஓடிப்போய் ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்தாள்.

புஷ்பமேரி தலையில் அடித்துக்கொண்டாள். “அடிப்பாவி! ஸ்விட்சு கடைசியிலக்கா. மொதல்ல செவப்பு கிளிப்பு பிளஸ்ல. கறுப்பு, பேட்டரியத் தொடாம, தள்ளி இருக்குற எஞ்சின் இரும்புல. அப்புறந்தான் கரண்டு. சார்ஜ் ஏறும்போது பேட்டரியில இருந்து கேஸ் வரும், கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. ஷெட்ட நல்லாத் தொறந்து வை. பத்தவச்ச பீடிகூடப் பக்கத்துல வரக் கூடாது!”

வியாழக்கிழமை காலையில் பாஸிலா பிஸ்மி சொல்லி, பானெட்டைத் திறந்து, புஷ்பமேரி சொன்ன மாதிரியே மாட்டினாள். பொறி பறக்கவில்லை. ஷட்டரை முழுசாகத் தூக்கிவிட்டாள். “என்ன புள்ள பண்ற?” என்று உள்ளேயிருந்து கேட்ட மதினிக்கு, “காரத் தொடைக்கிறேன் மதினி” என்று பதில் சொன்னாள். பீடி குடிக்க அந்த வீட்டில் ஆளே இல்லை, பிறகென்ன கவலை!

ஆனால் வியாழக்கிழமை பொழுது சாய்ந்தால் வெள்ளிக்கிழமை ராவு. அந்த வீட்டில் சாம்பிராணி போடாத வெள்ளிக்கிழமை ராவு கிடையாது. பாஸிலாவுக்கு அது அடியோடு மறந்துபோனது.

மஃரிப் தொழுகைக்குச் செத்த நேரம் முன்னால் துணி மடித்துக்கொண்டிருந்தவளுக்குச் சாம்பிராணி வாசம் வந்தது. வாசம் கூடத்திலிருந்து வாசலுக்கும், வாசலிலிருந்து ஷெட்டுப் பக்கமும் போனது. யா அல்லாஹ்! துணியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

ஜெய்தூன் பீவி கரண்டி நிறையக் கொட்டாங்கச்சித் தணலோடு காருக்கு முன்னால் நின்றாள். நாளைப் பயணத்துக்குப் புகை காட்ட வந்தவளுக்கு பானெட் திறந்திருந்தது மசங்கலாகத் தெரிந்திருக்கிறது. நல்லதாய்ப் போயிற்று, உள்ளேயும் காட்டிவிடுவோம் என்று குனிந்தாள்.

“காரு பக்கம் வராதீங்க! தள்ளிப் போங்க!”

தெருவே திரும்பிப் பார்க்கிற கத்தல். பாஸிலா கரண்டியைப் பிடுங்கி, ஓடிப்போய் வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தாள். அதற்குள் மதினி அறைக்குள் போய்விட்டாள். போய்ப் பார்த்தால், கட்டில்மேல் பையைக் கவிழ்த்து, ஆபரேஷனுக்கு எடுத்து வைத்த துணியைத் தடவித் தடவி வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள்.

“டாக்டர்கிட்டச் சொல்லிரு. நான் வரல. புருஷன முழுங்குனவ புகை காட்டுனா வண்டிக்கு ஆகாது. எனக்கே தெரிஞ்சிருக்கணும்.”

அடக் கொடுமையே, இந்த நினைப்பையா இவள் உள்ளே வைத்திருந்தாள்? பாஸிலாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

“உங்க மூஞ்சி மதினி! பேட்டரி செத்துப்போச்சு, ரெண்டு நாளா உங்களுக்குத் தெரியாம அதோட மல்லுக்கட்டுறேன். அது சார்ஜ் ஆகும்போது தணலக் கொண்டுபோனா வெடிச்சு ஆசிட்டு மூஞ்சியில தெறிக்கும். கண்ணத் தொறக்கத்தான நாளைக்குப் போறோம்?”

“அத காலையிலயே சொல்றதுக்கென்ன? காரத் தொடைக்கிறேன்ன.”

பாஸிலா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். “சொன்னா வர மாட்டீங்கன்னு பயந்தேன். என் தப்புதான்.”

மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பாஸிலா ஷெட்டுக்குப் போனாள். சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தது. முதலில் ஸ்விட்சை அணைத்தாள், கறுப்பைக் கழற்றினாள், பிறகு சிவப்பை. காற்றாடட்டும் என்று பானெட்டை அப்படியே விட்டுவிட்டு மஃரிப் தொழுதாள். திரும்பி வந்து பானெட்டை மூடி, சாவியைத் திருப்பினாள். கார் ஒரே பிடியில் உறுமியது. தெருவுக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

கரண்டித் தணல் நீறு பூத்துக் கிடந்தது. ஊதிக் கிளப்பி, புதுசாகச் சாம்பிராணி போட்டு, மதினியின் முன்னால் நீட்டினாள்.

“காரு வெளிய நிக்குது. இப்பக் காட்டுங்க. நீங்க காட்டாம நான் ஸ்டியரிங்கத் தொட மாட்டேன்.”

ஜெய்தூன் பீவி எழுந்து, கரண்டியை வாங்கி, ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு வெளியே வந்தாள். நாலு சக்கரத்துக்கும் காட்டினாள். கடைசியில் பாஸிலா நின்ற இடத்தைக் கையால் தேடி, அவள் தலையைச் சுற்றியும் புகையைக் காட்டினாள்.

“பயமா இருக்கு புள்ள” என்றாள்.

“எனக்குந்தான் மதினி. மதுர வரைக்கும் நான் ஓட்டுனதே இல்ல.”

ஜெய்தூன் பீவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நல்லா இருக்குடி கதை! சரி, ரெண்டு பேரும் பயந்துக்கிட்டே போவோம். உள்ள வா, அந்தத் துணியெல்லாம் பையில எடுத்து வை.”