சபூரா போட்ட சுண்டை வற்றல்

நோன்புக்கு முன்னால் இந்த வீட்டுக்கு வாழ வந்தவள் ஹமீதா. ஹஜ்ஜுப் பெருநாளும் கழிந்துவிட்டது. புருஷன் சீனி முகம்மது ஒருநாள்கூட மறுசோறு கேட்டதில்லை. போட்டதைச் சாப்பிடுவார், கை கழுவுவார், போய்விடுவார். குறை சொன்னாலாவது சண்டை போடலாம். வாயே திறக்காத மனிதரோடு என்னத்தைச் சண்டை போடுவது? மூத்த தாரம் சபூரா பிள்ளைப்பேற்றில் மௌத்தானதிலிருந்து அவர் அப்படித்தானாம். ஊருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடும். கூட வாழ்கிறவளுக்கல்லவா தெரியும்! ஒரே ஒரு தடவை அவர் தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் போடு" என்றால் போதும், இது தன் வீடுதான் என்று நம்பிவிடுவாள்.

அன்று பினாங்கில் விடாத அடைமழை. சூலியா வீதியில் முழங்கால் தண்ணீர். பாசாரில் மீனும் இல்லை, காயும் இல்லை. சமையற்கட்டைத் துழாவியபோது மேல்தட்டு மூலையில் துணி கட்டிய பீங்கான் ஜாடி ஒன்று அகப்பட்டது. அவிழ்த்தால் உள்ளே சுண்டைக்காய் வற்றல்!

"அல்லா கொடுத்தான்" என்று மொத்தத்தையும் வெந்நீரில் கொட்டினாள்.

நிபோங் திபாலில் அவள் உம்மா உப்பில்லாமல்தான் வற்றல் போடுவாள். அந்த நினைப்பில், ஊறிய தண்ணீரையும் வீணாக்காமல் ஊற்றி, புளி கரைத்து, வழக்கம்போல் உப்பும் அள்ளிப்போட்டுப் புளியாணம் காய்ச்சினாள். ரமலானில் விட்டுப்போன நோன்பை அன்று நோற்றுக்கொண்டிருந்ததால் ருசி பார்க்கவில்லை.

நனைந்துபோய் மத்தியானம் வந்த சீனி முகம்மது முதல் கவளத்தோடு நின்றுவிட்டார். பிறகு மளமளவென்று தின்றார். தட்டை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் போடு."

ஹமீதாவுக்குத் தலைகால் புரியவில்லை. மறுபடியும் நீட்டினார். கண்ணில் தண்ணீர். காரம்போல என்று நினைத்துக்கொண்டாள்.

"ஜாடில இன்னும் இருக்கா?"

"எல்லாத்தையும் போட்டுட்டேன் மச்சான். நல்லாருக்கா?"

"நல்லாருக்கு" என்று எழுந்து போனார்.

சந்தோஷம் தாங்குமா? கொல்லைப்பக்கம் ஓடி, பக்கத்து வீட்டு வடிவம்மாளிடம் சொன்னாள். வடிவம்மாளின் முகம் செத்துவிட்டது.

"அடிப்பாவி, அந்த ஜாடியையா எடுத்தே? சபூரா நிறைமாசமா இருக்கச்சே உப்பு மோருல ஊறப்போட்டுக் காயவச்சதுடி. பேறு முடிஞ்சு பத்தியத்துக்கு வேணும்னு. தின்னக் குடுத்து வைக்கல. ஒரு பொம்பள அதத் தொட அந்த மனுஷன் விட்டதில்லலா!"

ஹமீதா வீட்டுக்குத் திரும்பி வந்தாள்.

மக்ரிபு பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தால் நோன்பு திறந்தாள். சட்டியில் மிச்சமிருந்த ஆணத்தைச் சோற்றில் ஊற்றி ஒரு வாய் வைத்தாள். யா அல்லா! உப்புக் கரித்தது. நாக்கில் வைக்க முடியவில்லை. இதையா அந்த மனிதர் கேட்டு வாங்கித் தின்றார்? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். உப்பிட்டவள் சபூரா. நீட்டிய தட்டு அவளுக்கு நீட்டியது. ஆனாலும் தனக்கென்று எடுத்துவைத்ததைத் தின்னாமலே போனவள்மேல் எப்படிக் கோபப்படுவது? அழுதபடியே அடுத்த கவளத்தைப் பிசைந்தாள்.

தொழுதுவிட்டுப் பள்ளியிலிருந்து வந்த சீனி முகம்மது வாசலிலேயே நின்றார்.

"உப்பு ரொம்ப புள்ளே. தின்னாத."

"நீங்க தின்னீங்களே மச்சான்."

அவர் தரையில் வந்து உட்கார்ந்தார். ஹமீதா சட்டியை வழித்து, கடைசியாகக் கிடந்த நாலைந்து சுண்டைக்காயையும் அவருக்கே வைத்தாள்.