மாதாவுக்கு ஒரு முத்தம்

நேப்பிள்ஸ் மீனவர் சபையின் பீடத்துக்கு வரையப்போகும் மாதா படத்தின் மாதிரியை, நான்காவது முறையாகக் காவிக்கட்டியால் வரைந்து எடுத்துவந்திருந்தான் ஓவியன் கிரெஷென்சோ. முதலில், படத்தின் ஓரத்தில் புனித ரோக்குவோடு நிற்கும் அவருடைய நாய் எலும்பும் தோலுமாக இருக்கிறது என்றார்கள் சபையார். அடுத்து, பிடுங்கப்பட்ட தன் கண்களைத் தட்டில் ஏந்தி நிற்கும் புனித லூசியாவைக் காட்டி, அந்தக் கண்கள் தங்களை முறைக்கின்றன என்றார்கள். போன முறையோ, மீனவரான பேதுருவை மாதாவைவிட்டுத் தள்ளி நிறுத்தியதற்காகச் சண்டைக்கே வந்துவிட்டார்கள்.

"இந்தத் தடவையும் நொட்டை சொன்னீங்கன்னா நீங்களே வரைஞ்சுக்குங்க தலைவரே!" என்று தாளைச் சுவரில் சாய்த்து வைத்தான்.

சபைத் தலைவர் அஞ்ஞெல்லோ உற்றுப் பார்த்தார். "நாய் கொழுகொழுன்னு இருக்கு. பேதுருவும் பக்கத்துல வந்துட்டாரு. இவதாம்பா எங்க மாதா!" என்றார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

அப்பாடா என்று கிரெஷென்சோ மூச்சுவிடுவதற்குள், அவர் மண்டியிட்டு மாதாவின் பாதத்தில் அழுத்தி முத்தமிட்டார். பின்னாலேயே சபை முழுக்க வரிசை கட்டியது.

"ஐயோ, உதட்டை வைக்காதீங்க! காவி ஒட்டிக்கும்!"

"கும்பிடுற நேரத்துல கத்தாதப்பா!" என்று அதட்டினார் ஒருவர்.

பாதம் கிடைக்காதவர்கள் கையையும் கன்னத்தையும் முத்தமிட்டார்கள். கடைசி ஆள் எழுந்தபோது மாதா இருந்த இடத்தில் ஒரு சிவப்புத் தீற்றல்தான் மிச்சம். நாய் மட்டும் அப்படியே இருந்தது.

தலைவர் தன் சிவந்த மீசையைப் பெருமையாகத் தடவிக்கொண்டார்.

"ஒரு கோடு மாறக் கூடாது தம்பி. இதை அப்படியே பெருசா வரைஞ்சு குடுத்துடு."