எந்தப் பாலகுரு?

என் வீட்டுக்காரர் குளிக்கப் போவதற்கு முன்பே குளித்து முடித்து, பைக்கை எடுத்து, பாதி வழி போய்விடுவார். எல்லாம் போனில்தான். இடுப்பில் துண்டும் கையில் டீயுமாக நின்றுகொண்டு, "தோ, சிக்னல்ல நிக்கிறேன் சார்" என்பார். ரெட்டியார்பாளையத்தில் யார் வீட்டிலோ மோட்டார் ஓடாமல், தலையில் சோப்பு நுரையோடு ஓர் ஆள் அந்தச் சிக்னலை நம்பிக் காத்திருப்பார். இவர் என்னிடம் இன்னொரு டீ கேட்பார். எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு அந்த டம்ளரைப் பிடுங்கி... சரி, விடுங்கள்.

பெயர் பாலகுரு. தண்ணி மோட்டார் ரிப்பேர் செய்கிறவர். வேலையில் கெட்டிக்காரர்தான், போய்ச் சேர்ந்துவிட்டால்.

நெல்லித்தோப்பில் எங்கள் தெருப் பையன்கள்தான் ஆரம்பித்து வைத்தார்கள். எவனாவது கிளம்பாமலே கிளம்பிவிட்டேன் என்றால், "பாலகுரு போடாதடா" என்பார்கள். அப்புறம் அது ஓர் இடமாகவே ஆகிவிட்டது. "எங்கடா இருக்க?" "பாலகுருல இருக்கேன்." ஏதோ பஸ் ஸ்டாப் மாதிரி. ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் போனில் அப்படிச் சொன்னபோது, "அது என் புருஷன்டி" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. பிறகு ஆபீஸுக்குள்ளும் நுழைந்தது. சான்றிதழ் எப்போது வரும் என்று நான் கேட்டதற்கு, "பாலகுருல இருக்கும்மா" என்றார் ஒரு கிளார்க், முகத்தில் சிரிப்பே இல்லாமல். என் மகன் இளம்பரிதி காலேஜில் சேர்ந்த சமயம், மனசில் இருப்பதைச் சொல்லாமல் ஒரு பெண் பின்னாலேயே சுற்றுகிற பையனுக்கு அந்தப் பெயர் போயிருந்தது. "அவன் சரியான பாலகுரும்மா, இன்னும் அவகிட்ட சொல்லவே இல்ல" என்பான். பொய்யில் ஆரம்பித்த வார்த்தை கூச்சத்தில் வந்து நின்றது.

இவருக்கு இதில் பெருமையா என்றால், கிடையவே கிடையாது. "எங்கப்பா ஆசையா வச்ச பேரு, நாசமாக்கிட்டானுங்க" என்று புலம்பல். கொஞ்ச நாள் நேரத்துக்குப் போய்க்கூடப் பார்த்தார். சொன்னதற்கும் முன்னால் போய் நின்றதில், ஒரு வீட்டில் யாரோ என்று கதவே திறக்கவில்லை. அவர் திருந்தியதை ஊர் கவனிக்கவுமில்லை. வார்த்தை அதன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

போன மாதம் இளம்பரிதி ஒரு வீடியோவைக் காட்டினான். 'பாலகுரு' என்கிற வார்த்தை எங்கிருந்து வந்தது என்று ஒரு பையன் மைக்கை நீட்டிக்கொண்டே போகிறான். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் தாத்தா ஒருவர், அது பிரெஞ்சு வார்த்தை, நான் பட்டாளத்திலேயே கேட்டிருக்கிறேன் என்று அடித்துச் சொன்னார். அடுத்து வீராம்பட்டினத்தில் மீன் விற்கும் ஒரு பெண். "அது எங்க வூட்டுக்காரரு பேரு. இங்கேந்துதான் டவுனுக்குப் போச்சி" என்றாள்.

பழி போனது என்று சாமிக்குக் கற்பூரம் ஏற்ற வேண்டிய மனுஷன், தட்டில் கையை உதறிவிட்டு எழுந்தார்.

"அதெப்படி? அது என் பேரு."

"இத்தன நாளா திட்டிக்கிட்டுதான இருந்தீங்க?"

"திட்னா என்னுது இல்லன்னு ஆயிடுமா? வா பார்வதி, நேராப் போய் கேட்டுடலாம். நீதான் சாட்சி. ஒன்னப் பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே தெருமுனைல நிக்கிறேன்னு ஒங்கப்பாகிட்ட சொன்னனா இல்லியா?"

சொன்னார். பஜ்ஜி ஆறி, எண்ணெய் உறைந்து, எங்கம்மா அழத் தொடங்கிய பிறகு வந்தார். அதையெல்லாம் இப்போது பெருமையாகச் சொல்கிறார்.

அந்தப் பெண்ணின் பெயர் சின்னப்பொண்ணு. விசாரித்துக்கொண்டு போனபோது, கடற்கரையில் ஒரு படகின் நிழலில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். இவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "வீடியோல பேசுனது நீங்கதான?" என்று கேட்டார்.

அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "ஆமாண்ணே, குந்துங்க. எங்க வூட்டுக்காரரு கடல்லேந்து போன் போடும். 'கரை தெரியுது, கொழம்பக் கொதிக்க வை'ன்னும். நானும் வைப்பேன். சுண்டி அடிபுடிச்சிப் போவும், ஆளு வராது. கேட்டா சிரிக்கும். அப்பவே எங்க குப்பத்துப் பசங்க கேலி பண்ணுவானுங்க."

"அது வந்தும்மா..." என்று இவர் ஆரம்பித்தார்.

"மஞ்சக்காமால வந்து போய்ச் சேந்துடுச்சிண்ணே" என்றாள். "இருந்த வரைக்கும் ஒரு நாளும் நான் பேரச் சொன்னதில்ல. புருஷன் பேரச் சொல்லக் கூடாதுன்னுதான எங்கம்மா வளத்துச்சி? ரேஷன் கடையில கேட்டாக்கூடப் பக்கத்துல நிக்கிறவங்கதான் சொல்லுவாங்க. இப்ப பசங்க சொல்றாங்க, பஸ்ல சொல்றாங்க, டவுன் பூரா சொல்றாங்க. நானும் கூடச் சேந்து சொல்லிக்கிறேன். மீனு கேட்டு போன் வந்தா, 'பாலகுருல இருக்கேம்மா'ங்கறேன். வூட்ல குந்திக்கினே, வேணும்னே சொல்றேன். நாலு வாட்டியாவது சொன்னாதான் எனக்குச் சோறு எறங்குது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். இவர் கூடையிலிருந்த மீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க என்னாத்துக்கு வந்தீங்கண்ணே? நீங்களும் வீடியோ புடிக்கவா?"

"இல்லம்மா. மீன் வாங்கத்தான்."

"நம்பரக் குடுத்துட்டுப் போங்க. நல்ல வஞ்சரம் வந்தா நானே போன் பண்றேன்." மடியிலிருந்து போனை எடுத்து, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "என்னா பேர்ல போட்டுக்கட்டும்?"

இவர் என்னைப் பார்த்தார்.

"அய்யப்பன்" என்றார்.

"அய்யப்பனா? இங்க நெறய அய்யப்பன் இருக்காங்களே."

சாட்சி சொல்லத்தானே என்னைக் கூட்டி வந்திருந்தார். "நெல்லித்தோப்பு அய்யப்பன்னு போட்டுக்கம்மா" என்றேன்.