ஜலசந்தி சுருங்கிய விதம்

படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கும் அம்மா தன் மகளோடு பேச்சை நிறுத்திய வருடத்திலிருந்து, இரண்டு தீவுகளுக்கும் நடுவிலிருந்த ஜலசந்தி சுருங்கத் தொடங்கியது. முன்பு அதைக் கடக்க விசைப்படகுக்கே அரை நாள் பிடிக்கும். தெற்கே ஆழம், வடக்கே பவளப்பாறை, நடுவில் கடற்புல் மேடு. கோடையில் நீரோட்டம் ஒரு பக்கம் இழுக்கும், மழைக்காலத்தில் மறுபக்கம். வரைபடத்தில் இன்னும் அப்படித்தான் இருக்கிறது. வரைபடம் வரைகிறவர்கள் வீட்டுச் சண்டையை எங்கே கண்டார்கள்?

சண்டை இதுதான். டிக்கெட் அம்மாவின் ஒரே மகள், வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல், எதிர்த்தீவின் கலங்கரை விளக்கக்காரனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அதுவும் அம்மா கையாலேயே டிக்கெட் வாங்கிக்கொண்டு. அம்மாவுக்கு ஆறவே இல்லை. கடல் தாண்டி அவள் வாசலை மிதிக்க மாட்டேன் என்று சபதம் போட்டாள். மகள் மட்டும் லேசுப்பட்டவளா? கூப்பிடாத வீட்டுக்கு நானும் வரமாட்டேன் என்று சொல்லியனுப்பினாள். அம்மா தினமும் ஊரையே எதிர்த்தீவுக்கு அனுப்பிவிட்டு, தான் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

கரைகள் வருடா வருடம் நெருங்கின. அகலம் குறையக் குறைய ஆழம் கூடியது. தண்ணீரும் எங்கேதான் போகும்? கூட்டமாக மேய்ந்து திரிந்த கடல்பசுக்கள் வரிசையில் வரக் கற்றுக்கொண்டன. வலசை வரும் பறவைகள் எந்தக் கரையில் இறங்குவது என்று குழம்பி, கூரைகளில் இறங்கின. கிளம்பிய உடனேயே படகு எதிர்க்கரையில் போய் இடித்ததால் படகோட்டி மளிகைக் கடை வைத்தார். அளக்க வந்த அதிகாரிகள், கருவியில்தான் கோளாறு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசியில் ஜலசந்தி ஒரு சாக்கடை அகலத்துக்கு வந்து, அம்மாவின் கொல்லைப்புறமும் மகளின் சமையலறை வாசலும் எதிரெதிரே நின்றன. ஓர் எட்டு வைத்தால் போதும். இரண்டு பேரும் வைக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரம் துலக்கினார்கள்.

மகளுக்குப் பிரசவம் சிக்கலானது. அம்மா கொல்லையில் நின்று ஒவ்வொரு முனகலையும் கேட்டாள். சபதமாவது மண்ணாங்கட்டியாவது என்று காலைத் தூக்கியும்விட்டாள். அதற்குள் குழந்தை அழுதது. தாயும் பிள்ளையும் நல்லபடியாக இருப்பதாக மருத்துவச்சி உள்ளிருந்து சொன்னாள். அம்மா காலை மெல்லத் தன் கரையிலேயே கீழே வைத்தாள்.

சில நாள் கழித்து மகள் குழந்தையோடு வாசலுக்கு வந்தாள். ரொம்ப நேரம் நின்றாள். குழந்தை எந்தச் சபதமும் போட்டிருக்கவில்லை. அதைத் தண்ணீருக்கு மேலாக நீட்டினாள்.

"தலையைப் பிடிச்சுக்கோம்மா."

"உன்னையே பிடிச்சவதான்" என்றாள் அம்மா. "விடு, பிடிச்சுட்டேன்."

ஜலசந்தி அதற்குமேல் சுருங்கவில்லை, விரியவும் இல்லை. பசித்தால் அந்தத் தீவு, தூக்கம் வந்தால் இந்தத் தீவு என்று குழந்தை வளர்கிறது.