சிவப்பிரகாசம் வெட்டிய சத்தங்கள்

நெய்வேலி பத்தொன்பதாவது வட்டத்தில் சிவப்பிரகாசம் குடியிருந்த குவார்ட்டர்ஸில் யாரோ ஒருவருடைய இருமல் இரண்டு வருடமாகத் தங்கியிருந்தது. சமையலறை அலமாரியின் மேல்தட்டுதான் அதற்குப் பிடித்த இடம். குளியலறையில் ஒரு கைக்குழந்தையின் அழுகை, கூடத்தில் டிவிக்குப் பின்னால் ஐஸ் வண்டிக்காரனின் மணி. ஷிப்ட் சங்கு ஒன்று கட்டிலுக்கடியில் கிடந்து, தனக்குத் தோன்றிய நேரத்தில் ஊதும். அதை நம்பி எதிர்வீட்டுப் பழனிசாமி செகண்ட் ஷிப்டுக்குக் காலையிலேயே கிளம்பிப் போய், கேட்டில் அசடு வழிந்துவிட்டுத் திரும்பினார். இவற்றுக்கு நடுவில்தான் சிவப்பிரகாசத்தின் மனைவி காந்திமதி குழம்பு வைத்தாள், கோலம் போட்டாள், தூங்கினாள்.

எல்லாம் அவள் புருஷன் வெட்டிப் போட்டவை. சிவப்பிரகாசம் சுரங்கத்தில் பெர்மனன்ட். சேத்தியாத்தோப்பு வளவனின் பறைக்குழு எந்த ஊரில் வாசித்தாலும், காற்றுச் சத்தம் விழாமலிருக்க முடி வைத்த மைக்கைத் தூக்கிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்துவிடுவார். நாட்டுப்புறக் கலையைக் காப்பாற்றச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லை. அவராகவே தலையில் ஏற்றிக்கொண்டார். கலை பிடிக்கும், அதைக் கேட்க வருகிற ஜனங்களைத்தான் பிடிக்காது. வீட்டுக்கு வந்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கூட்டத்தின் இருமலையும் அழுகையையும் கூச்சலையும் கம்ப்யூட்டரில் பேன் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பார். அப்புறம் பதிவின் தொடக்கத்தில் கும்பாபிஷேக அறிவிப்பாளர் குரலில் “வழங்குபவர் சிவப்பிரகாசம், நெய்வேலி” என்று பேசிச் சேர்த்து, வாட்ஸ்அப் குழுவில் போடுவார். துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கைகூப்பும் படங்கள் வந்து குவியும். அதைப் பார்த்தால்தான் மனுஷனுக்குச் சோறு இறங்கும். வெட்டிய சத்தம் எங்கே போய்ச் சேருகிறது என்று அவர் யோசித்ததேயில்லை. குப்பையைப் பற்றி யோசிப்பது வீட்டுப் பெண்களின் வேலை என்பது அவர் எண்ணம்.

வெட்டப்பட்ட சத்தம் உரியவர்களுக்குத் திரும்ப வரவில்லை. இருமலைத் தொலைத்த வைத்திலிங்கம் நிம்மதியாகத் தூங்கினார். தனகோடிக்குத்தான் அது பெரிய அடி. அவன் கம்மாபுரத்துக்காரன், சுரங்கத்தில் காண்ட்ராக்ட் கூலி. வளவன் வாசிக்கும் இடத்திலெல்லாம் கூட்டத்தின் பின்னால் நின்று, இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடிப்பான். அந்த விசிலைக் கேட்டுத்தான் வளவன் அடியை மாற்றுவார், குழுவும் அவர் பின்னால் மாறும். மாசிமகத்துப் பதிவிலிருந்து சிவப்பிரகாசம் அந்த விசிலை வெட்டினார். அதற்குப் பிறகு தனகோடி ஊதினால் வெறும் காற்றுதான் வந்தது. எப்போது மாற்றுவது என்று தெரியாமல் வளவன் ஒரே அடியை முக்கால் மணி நேரம் அடித்தார். ஆடியவர்கள் கால் ஓய்ந்து உட்கார்ந்தார்கள். அடுத்த வருடம் பேண்டு செட் வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு ஊரில் பேச்சு எழுந்தது. கலை அழிகிறதே என்று சிவப்பிரகாசம் குழுவில் நீளமாக வருத்தப்பட்டு எழுதினார்.

காந்திமதி சிரித்தும் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. இந்த மனிதரோடு குடித்தனம் பண்ணினால் சிரிப்பு எங்கிருந்து வரும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தனகோடி வாசலில் வந்து நின்றான்.

“என் விசிலு உங்க வூட்லதான் இருக்குதுன்னாங்க சார். குடுத்தீங்கன்னா நான் பாட்டுக்குப் போய்கினே இருப்பேன்.”

சிவப்பிரகாசம் கம்பிக் கதவைத் திறக்கவில்லை. நல்ல வாத்தியத்துக்கு நடுவில் விசிலடிப்பது எவ்வளவு அநாகரிகம் என்று உள்ளிருந்தபடியே பாடம் நடத்திவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். காந்திமதிக்கு மனசு கேட்கவில்லை. கொஞ்சம் நில்லு தம்பி, தேடித் தருகிறேன் என்றாள்.

பரணில் பார்த்தாள், பீரோவுக்குப் பின்னால் பார்த்தாள். விசில் அரிசி டிரம்மில் கிடந்தது. அதை எடுக்கும்போது அடியில் இன்னொன்று கையில் தட்டுப்பட்டது. ஒரு பெண்ணின் சிரிப்பு. மூச்சு முட்டி, நடுவில் மூக்கால் ஒரு உறுமல் வருகிற சிரிப்பு. அந்த உறுமலுக்காகவே திருவதிகையில் பிறந்த வீட்டில் அவளைக் கேலி செய்வார்கள். சேத்தியாத்தோப்பில் வளவனின் கைக்குச்சி நழுவிப் பறந்து, விழாத் தலைவருக்குப் போர்த்திய பொன்னாடைக்குள் போய் விழுந்த அன்று சிரித்தது. அன்று அவள் சிவப்பிரகாசத்துக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

அதைக் கொண்டுபோய் அவர் காதருகில் பிடித்தாள்.

“இது யாருன்னு தெரியுதாங்க?”

அவர் ஒரு நிமிடம் கேட்டார். முகம் சுளித்தார்.

“எவளோ பட்டிக்காட்டுப் பொம்பள. அத எடுக்கவே எனக்கு ஒரு வாரம் ஆச்சு.”

கல்யாணமாகி இருபத்தாறு வருடம். காந்திமதிக்கு அழுகை வரவில்லை, கோபம்கூட வரவில்லை. இந்தக் காதை நம்பியா இத்தனை காலம் பேசிக்கொண்டிருந்தோம் என்று இளக்காரம்தான் வந்தது. மாத்திரை போடுவதுபோல் சிரிப்பை வாயில் போட்டு விழுங்கினாள். பிறகு தலைமுதல் கால்வரை அவரை ஒருமுறை பார்த்தாள். சிரித்தாள். சிரித்துக்கொண்டே கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டாள்.

சத்தங்கள் வரிசையாக வெளியேறி வீடு போய்ச் சேர்ந்தன. வைத்திலிங்கம் அன்று முதல் மறுபடி இருமினார், காந்திமதியைத் திட்டவும் செய்தார். கைக்குழந்தையின் அழுகை, இதற்குள் வளர்ந்து எல்.கே.ஜி. போகத் தொடங்கிவிட்ட பிள்ளையிடம் போனது. தனகோடி வாசலிலேயே விரலை வாயில் வைத்து ஊதிப் பார்த்தான். சேத்தியாத்தோப்பில் ஒத்திகையில் இருந்த வளவன் அந்தக் கணமே அடியை மாற்றினார்.

காந்திமதியின் சிரிப்பு மட்டும் கொஞ்சம் தள்ளியும் போனது. சிவப்பிரகாசம் அதுவரை அனுப்பிய பதிவுகளில் எல்லாம், துபாயில் இருப்பவை உட்பட, “வழங்குபவர் சிவப்பிரகாசம்” என்ற இடம் முடிந்ததும் அந்தச் சிரிப்பு உறுமலோடு வந்தது. வெட்டினார், இன்னும் நீளமாக வந்தது. புதிதாகப் பேசிச் சேர்த்தார், அதிலும் வந்தது. காந்திமதி இப்போது கச்சேரிகளில் பின்னால், தனகோடி நிற்கும் பக்கம் உட்கார்ந்துகொள்கிறாள். கேட்கிறவர்களுக்கும் பழகிவிட்டது. சிரிப்பு வந்தால் நெய்வேலி அசல், வராவிட்டால் எவனோ போட்ட போலி என்று பார்த்துத்தான் ஏற்றுக்கொள்கிறார்கள். சிவப்பிரகாசமும் ஒவ்வொரு பதிவையும் அனுப்புவதற்கு முன், தன் பெயருக்குப் பிறகு சிரிப்பு சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுப் பார்த்துக்கொள்கிறார்.