மூக்கு எந்தப் பக்கம்

1

இந்தக் கதை ஒரு தண்ணீர்த் தொட்டியிலிருந்து வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பங்கா என்ற ஊரிலிருந்து வரும் பேருந்தில், பனி தேசத்து நாவல் ஒன்றை மடியில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தலையைத் தூக்கினால், ஒரு வீட்டின் மொட்டைமாடிக்கு நாலைந்து பேர் கயிறு கட்டி ஒரு விமானத்தை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். பேருந்தில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பஞ்சாபின் இந்தப் பக்கத்தில் மாடித் தொட்டி கால்பந்தாக இருக்கும், கழுகாக இருக்கும். வீட்டில் ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் விமானமாகவும் இருக்கும். அதைப் பொருத்தி முடிப்பதற்குள் பேருந்து வளைவில் திரும்பிவிட்டது. பார்க்காமல் விட்டதைத்தான் எழுதப்போகிறேன். கை பரபரக்கிறது.

2

முதல் தொடக்கம்: இத்தாலியின் மூடுபனியில், பசுக்களின் வெதுவெதுப்பான மூச்சுக்கு நடுவே, ஹர்நேக் தன் வீட்டை நினைத்து

வேண்டாம். ஹர்நேக் வீட்டை நினைத்து ஏங்குகிறவன் இல்லை. வீட்டை இடித்துக் கட்டுகிறவன். (கைபேசியில்.) இத்தாலியில் வேலை பார்க்கும் பண்ணையில் காலைக் கறவை முடிந்ததும் சுவரில் சாய்ந்துகொண்டு வீடியோவில் கூப்பிடுவான். ஊரில் அப்பா கட்டிய செங்கல் வீட்டை அறை அறையாகப் புதுப்பிக்கிறான். மனைவி குல்பீர் கைபேசியை ஒவ்வொரு மூலைக்கும் தூக்கிக்கொண்டு போவாள்.

"இன்னும் கிட்டக் காட்டு. டைல்ஸு கோடு வளையுதே."

"கோடு நேராத்தான் இருக்கு. வளையுறது உங்க சிக்னல்."

3

குல்பீரைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்தது. முதலில் அவளைச் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழவைத்தேன். ஒரு பக்கம் முழுக்க அழுதாள். அடுத்த பக்கத்தில் பார்த்தால் சாரத்தில் ஏறி நின்று டைல்ஸ்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். அழுத பக்கத்தைக் கிழித்துவிட்டேன். சமையலறையை இடித்தபோது வராந்தாவில் ரொட்டி சுட்டவள் அவள். படுக்கையறையை இடித்தபோது கட்டிலைச் சமையலறைக்கு இழுத்துப் போட்டுத் தூங்கினாள். ஹர்நேக் ஆசைப்பட்டு வாங்கச் சொன்ன குளியல் தொட்டியில் கோதுமையைக் கொட்டி வைத்திருந்தாள்.

"அதுல தண்ணி ஊத்திப் படுக்கணும், தெரியுமா?"

"நீங்க வந்து படுங்க. அதுவரைக்கும் கோதுமை படுத்திருக்கட்டும்."

4

இருவருக்கும் ஆளுக்கொரு ரகசியம் கொடுத்தேன். இரண்டும் சந்தோஷமானவை. மனைவியைத் தன்னிடம் அழைத்துக்கொள்ள ஹர்நேக்குக்கு அனுமதி கிடைத்துவிட்டது. விமானத் தொட்டி மாடியேறும் நாளில் சொல்லலாம் என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்தான். குல்பீரோ மிஞ்சிய செங்கல்லை வைத்து வீட்டின் பின்பக்கம் ஒரு கொட்டகை கட்டியிருந்தாள். அங்கே அடுத்தவன் மாட்டைக் கறக்கிறவன் இங்கே வந்து தன் எருமையைக் கறக்கட்டும் என்று. கைபேசி அந்தப் பக்கம் மட்டும் போனதில்லை.

(இப்படி எதிரெதிராக வைப்பது கொஞ்சம் செயற்கைதான். கலைக்கலாமா என்று யோசித்தேன். ஆனால் வருஷக்கணக்கில் சுவரைப் பற்றி மட்டுமே பேசுகிற இரண்டு பேர் வேறு எங்கே போய் நிற்பார்கள்?)

5

பாலி மேஸ்திரி என் திட்டத்தில் இல்லாதவர். கயிற்றைப் பிடிக்க ஆள் வேண்டுமே என்று சேர்த்தேன். வந்தவர் கதையையே கையில் எடுத்துக்கொண்டார்.

விமானம் தூணின் மேல் உட்கார்ந்தாயிற்று. அடியில் இன்னும் கலவை போடவில்லை. கையால் தள்ளினால் சுழலும். குல்பீர் கைபேசியை உயர்த்திப் பிடித்திருந்தாள். திரையில் ஹர்நேக், அவனுக்குப் பின்னால் ஒரு பசு.

"பாஜி, மூக்கு எந்தப் பக்கம்?" என்று திரையைப் பார்த்துக் கேட்டார் மேஸ்திரி.

"இது என்ன கேள்வி? ரோட்டுப் பக்கம்" என்றான் ஹர்நேக். "வீட்டுப் பக்கம்" என்றாள் குல்பீர். இரண்டும் ஒரே நேரத்தில்.

மேஸ்திரி தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். "ஒருத்தர் ஒருத்தரா சொல்லுங்க. வெளிய போறவங்க வீடுன்னா நம்மூர்ல மூக்கு ரோட்டப் பாக்கும். திரும்பி வந்துட்டவங்க வீடுன்னா வீட்டப் பாக்கும். மாத்தி வெச்சா ஊரே என்னைத்தான் கேக்கும்."

"அப்ப வீட்டுப் பக்கம்தான். அவருக்குக் கொட்டகையே கட்டியாச்சு."

"என்ன கொட்டகை?"

"எருமைக் கொட்டகை. நீங்க வந்து பாக்கணும்னு வெச்சிருந்தேன்."

"குல்பீர், உனக்கு விசா வந்தாச்சு. நீதான் இங்க வர்ற."

"நானா? எங்க, அந்தப் பசு பக்கத்துலயா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவனும் சிரித்தான். சிரிப்பு யாரிடம் முதலில் நின்றது என்று தெரியவில்லை.

"ரெண்டு வருஷமா டைல்ஸு கலரு கேட்டீங்க. கதவுக் கைப்பிடி கூடக் கேட்டீங்க. வர்றியான்னு கேக்கலையே?"

"நீ கேட்டியா?"

"வீடு கட்டுறவன் இருக்கத்தானே கட்டுவான்."

"பூட்டிக் கெடந்தாலும், ரோட்டுல போறவன் நின்னு பாக்கணும்ல. ஹர்நேக் வீடுன்னு."

மேஸ்திரி குல்பீர் பக்கம் திரும்பினார். "கால்பந்தா மாத்திரவா பாபி? அதுக்கு மூக்கே கெடையாது."

6

முடிவு ஒன்று. மூக்கு ரோட்டைப் பார்க்கிறது. குல்பீர் விமானம் ஏறுகிறாள். எழுதிப் பார்த்தேன். அவள் அங்கே போய்ப் பண்ணைச் சுவரில் சாய்ந்துகொண்டு, பூட்டிய வீட்டைக் காட்டச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரியை வீடியோவில் கூப்பிடுகிறாள்.

முடிவு இரண்டு. மூக்கு வீட்டைப் பார்க்கிறது. ஹர்நேக் திரும்பி வருகிறான். கொட்டகையில் எருமையைக் கறந்துகொண்டே இத்தாலிக்குப் பேசி, அந்தப் பசு சரியாகத் தின்கிறதா என்று விசாரிக்கிறான்.

முடிவு மூன்று, கால்பந்து. மேஸ்திரிக்குத் திருப்தி. ஆனால் அந்த இரண்டு பேரும் எந்தக் கூரையின் கீழ்

7

மூன்றையும் அடித்துவிட்டேன். மாடியில் அவர்கள் அப்படியே நிற்கிறார்கள்.

"சரி, இப்பக் கேளுங்க" என்றாள் குல்பீர்.

"வர்றியா?"

"நீங்க வர்றீங்களா?"

 இருவர் முகத்திலும் ஒரு படபடப்பு ஏறியிருக்கிறது. பெண் பார்த்த அன்றைக்கு இருந்திருக்கக்கூடிய படபடப்பு. டைல்ஸைப் பற்றிப் பேசும்போது அது ஒருநாளும் வந்ததில்லை. அதைப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு முடிவையும் எழுத மனம் வரவில்லை.

"கொழச்சு வெச்ச கலவை இறுகுது" என்கிறார் மேஸ்திரி. அவர் பார்ப்பது என்னை இல்லை, படிக்கிற உங்களை. விமான வாலின் இந்தப் பக்கம் வந்து பிடியுங்கள். பாரமாகத் தெரியும், பயப்படாதீர்கள். லேசாகத் தள்ளினாலே திரும்பும்.