வலப்பக்கம் மேலே

நளினிக்குக் கோசலாவை அடையாளம் தெரியவில்லை. மூன்று வருஷம் தன் வீட்டில் ஆக்கிப்போட்டவள் இப்போது ஒரு முழத் தூரத்தில் நிற்கிறாள்; அந்த அம்மாளோ கண்ணாடியில் தன்னை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலைக்காரியின் முகத்தை அவள் என்றைக்குப் பார்த்திருக்கிறாள், இன்றைக்குப் பார்க்க?

கோசலாவுக்கு இப்போது துபாயில், சத்வா பகுதியில் ஒரு மணப்பெண் அலங்காரக் கடையில் வேலை. கிமோனோ உடுத்திவிட ஒரு ஜப்பான்காரியிடம் ஆறு மாதம் படித்தவள். நளினியின் மாப்பிள்ளை ஷ்யாம் ஜப்பான் கம்பெனியில் இருப்பவன். அவனுடைய மேலதிகாரிகள் ரிசப்ஷனுக்கு மனைவிமாரோடு வருகிறார்கள். அவர்கள் மூக்கின்மேல் விரல் வைக்க வேண்டுமென்று, மகள் சம்யுக்தாவும் தானுமாகக் கிமோனோவில் நிற்பதாக நளினி முடிவு செய்துவிட்டாள்.

கடைக்கு வந்த ஆர்டரில் அந்தப் பெயரைப் பார்த்ததும், நான்தான் போவேன் என்று முந்திக்கொண்டாள் கோசலா. என்ன செய்யப் போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. சும்மா திரும்புவதில்லை என்பது மட்டும் தெரியும்.

நாலு வருஷத்துக்கு முன் ஒரு நவராத்திரியின்போது யாழ்ப்பாணத்தில் அவள் அம்மா செத்துப்போனாள். கோசலாவின் பாஸ்போர்ட் நளினியின் லாக்கரில் இருந்தது. காலைப் பிடித்துக் கெஞ்சினாள்.

"போய் என்ன பண்ணப்போறே, எழுப்பிடுவியா? கொலுவுக்கு நாப்பது பேர் வராங்க. நல்ல நாளும் அதுவுமா அழுது தொலைக்காதே" என்றாள் நளினி.

சுண்டல் தாளித்துக்கொண்டே அம்மாவின் செத்தவீட்டைப் போனில் பார்த்தாள் கோசலா. பெற்றவளைக் குளிப்பாட்டிச் சேலை உடுத்தியது பக்கத்து வீட்டுக்காரி. இதையும் மறக்க அவள் என்ன கல்லா?

ஹோட்டல் அறையில் சம்யுக்தாவை முதலில் உடுத்தி முடித்தாயிற்று. அடுத்து நளினி. வலப்பக்கத் துணியை உள்ளே மடித்து, இடப்பக்கத்தை அதன்மேல் கொண்டுவந்தபோது நளினி கையைத் தட்டிவிட்டாள்.

"என்னம்மா இது, இடது மேல வருது? கல்யாணத்துல எதுக்குமே வலதுதான். மாத்திக் கட்டு."

கோசலாவின் கை அப்படியே நின்றது. வலப்பக்கம் மேலே வர உடுத்துவது பிணத்துக்கு மட்டும். அதுதான் அவள் படித்த முதல் பாடம். ஒரு வார்த்தை சொன்னால் போதும், நளினி பிழைத்துக்கொள்வாள். கோசலா சொல்லவில்லை.

"ஓம் மேடம்."

"பொண்ணுக்கும் மாத்திடு."

"அவவுக்குக் கட்டி முடிஞ்சுது மேடம். அவிழ்த்தால் ஒரு மணித்தியாலம் போயிடும்."

அந்தப் பெண் அப்போது அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தவள். அவளோடு என்ன வழக்கு? தாய்க்கு வலப்பக்கத்தை மேலே போட்டு, இடுப்புப் பட்டியை முதுகில் இறுக்கி முடிந்தாள். இவ்வளவு நறுவிசாக அவள் யாருக்கும் உடுத்தியதில்லை. மனம் நிறைந்திருந்தது.

மண்டப வாசலில் நளினி கைகூப்பி நின்றாள். ஜப்பான்காரர்கள் மணப்பெண்ணைப் பார்த்துப் பூரித்தார்கள். தாயைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு மூத்த அம்மாள் நளினியின் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப்போய்க் காதோடு சொன்னாள்.

கோசலா சாமான்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்த அறைக்குள் நளினி ஓடிவந்தாள்.

"பொணத்துக்குக் கட்டுறதாமே! தெரிஞ்சேதான் செஞ்சியா? யாருடி நீ?"

"கோசலா. உங்கட குசினியில மூண்டு வருஷம் நிண்டனான். அம்மா செத்த நேரம் உங்கட காலைப் பிடிச்சனான்."

நளினி இப்போதுதான் அந்த முகத்தைப் பார்த்தாள்.

"என்ர அம்மாவுக்கு உடுத்திவிட எனக்குக் கிடைக்கேல்லை மேடம். அதுதான் உங்களுக்கு உடுத்திவிட்டனான்."

"அவுத்து விடுடி. உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்."

"நல்ல நாளும் அதுவுமா அழாதேங்கோ. என்ர டியூட்டி முடிஞ்சுது."

கோசலா பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். முதுகில் இருந்த முடிச்சுக்கு நளினியின் கை எட்டவில்லை. பெண்ணின் அம்மா உடனே மேடைக்கு வரவேண்டும் என்று மைக்கில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.